நாலாம் நம்பர் உரமும் நீலப் பாசிமணியும்

1936 அக்டோபர் 12, திங்கள்

காலையில் மூடுபனி. பத்து மணிக்குத் தூறல். அட்டைக்கடி மூன்று, மூன்றும் இடது காலில்.

துரை நாலாம் நம்பர் தேயிலைப் பகுதிக்கு வந்தார். நாய் இல்லாமல். நாய் கூட வரவில்லை என்றால் கோபமாக வருகிறார் என்று அர்த்தம், தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு தேயிலைச் செடியைப் பிடித்து இலையைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள். பக்கத்துச் செடியும் மஞ்சள். மூன்று வருஷமாக எலும்புத்தூளும் கடலைப் பிண்ணாக்கும் கழுதை முதுகில் மலையேறி வருகின்றன. கொழுந்து மட்டும் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது.

"கண்டக்டர், உரம் உள்ளே போகுது, இலை வெளியே வரலே. அப்போ உரம் உள்ளே போகலே."

அவர் தமிழ் அவ்வளவுதான். ஆனால் நன்றாகவே புரிந்தது. உரத்தை யாரோ திருடுகிறான். அது யார் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் நான்தான் அந்த யாரோ.

பத்து வருஷமாக இங்கே கண்டக்டர், கூலியாட்களிடம் வேலை வாங்குகிறவன். காட்டை வெட்டி எரித்த நாளிலிருந்து இருக்கிறேன். முந்தின துரை என் நாலாம் நம்பரைப் பார்த்துவிட்டு, ஒரு புல் கூட இல்லை என்று சொல்லிப் பரிசாகக் குடை கொடுத்தவர். அந்தக் குடைக்காரனையா திருடன் என்பது?

சந்தேகப் பட்டியல்:

பிச்சைமுத்து. உர ஸ்டோர் காவல்காரன். எந்நேரமும் சிரிப்பு.

கழுதைக்காரன். அடிவாரத்திலிருந்து உரம் கொண்டு வருகிறவன். வழியில் எங்கே நிற்கிறான், யாரைப் பார்க்கிறான், தெரியாது.

ஒச்சம்மா. களை எடுக்கிற பெண்களுக்குத் தலைவி. அவளுக்கு உரம் எதற்கு? தெரியவில்லை. ஆனால் வாய் நீளம்.

இந்த நோட்டைத் தகரப் பெட்டியில் பூட்டி வைக்கிறேன். சாவி அரைஞாணில்.

அக்டோபர் 13, செவ்வாய்

நேற்று சாயங்காலம் ஸ்டோர் பூட்டில் ஒரு தலைமுடியைச் சுற்றி வைத்துவிட்டு வந்தேன். இன்று காலையில் முடி இல்லை.

பிச்சைமுத்துவைக் கேட்டேன். "காத்தடிச்சிருக்கும்யா," என்றான். பூட்டில் முடி இருந்ததா என்று அவன் கேட்கவே இல்லையே? அப்படியென்றால் பார்த்திருக்கிறான்.

அவன் துண்டில் வெள்ளைத் தூள். ஆஹா, எலும்புத்தூள் என்று பிடுங்கி மோந்து பார்த்தேன். விபூதி. "சாமி கும்பிட்டது தப்பாய்யா?" என்று அதற்கும் சிரிக்கிறான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

சோப்பு தீர்ந்துவிட்டது. நல்லெண்ணெயும்.

அக்டோபர் 15, வியாழன்

வெயில். நாலாம் நம்பரில் களை. முப்பது பெண்கள், ஆளுக்கு ஒரு சுரண்டி. மழைக்கு முன்னால் தரையைச் சுத்தமாக வழித்துவிட வேண்டும் என்பது என் சட்டம். புல் இருந்தால் அது உரத்தைத் தின்றுவிடும்.

ஒச்சம்மா கீழ் வரிசையிலிருந்து கூப்பிட்டாள். "அய்யா, இங்கன வந்து பாருங்க. செடிக்கு வேரு வெளிய தெரியுது."

"நீங்கள் சுரண்டுகிற லட்சணம் அப்படி," என்றேன்.

"ஆமாய்யா, பத்து வருசமாச் சுரண்டச் சொன்னா சுரண்டத்தேன் செய்வோம். இம்புட்டுப் புல்லாச்சும் விட்டா என்னய்யா? பச்சப்புள்ளைய மழைக்குள்ள துணியில்லாம போட்ட மாதிரி கெடக்கு பூமி."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உரம் எங்கே போகிறது என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போது இவள் ஏன் வேரைப் பற்றிப் பேசுகிறாள்? பேச்சை மாற்றுகிறாள். பட்டியலில் அவள் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 18, ஞாயிறு

லீவு. மலை இறங்கி அனுமந்தன்பட்டி போனேன். அப்பா அம்மா போன பிறகு எனக்கு என்று இருப்பது தங்கச்சி காமு ஒருத்திதான். அவள் வீட்டுக்காரர் வீரணன் மாப்பிள்ளை, ஊருக்குக் கிழக்கே மலையடியில் ஒரு துண்டு நிலம் வைத்திருக்கிறார். கல்லாங்காடு. நாங்கள் பெண் கொடுக்கும்போது அதில் கொள்ளு கூட ஒழுங்காக முளைக்காது.

இன்று பார்த்தேன், வாழை நிற்கிறது! ஒவ்வொரு மரமும் தூண் மாதிரி. வாழைக்கு நடுவே மிளகாய்ப் பாத்தி. இலை கரும்பச்சை. எங்கள் தேயிலையைப் பார்த்த கண்ணுக்கு வயிறு எரிந்தது.

"என்ன மாப்பிள்ளை, கல்லுக்காட்டில் வாழை?"

"மண்ணு குடுக்குது மச்சான்," என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

நிலத்துக்குப் பின்புறம் முள்வேலி. அதற்கு அப்பால் எங்கள் மலையிலிருந்து இறங்குகிற ஓடை. அந்தப் பக்கம் நடந்தேன், ஓடி வந்து மறித்தார். "அங்கன போகாதீக மச்சான். பாம்பு கெடக்கு." வேலி ஓரத்தில் நாலு கூடை கவிழ்த்து வைத்திருந்தது. அடியில் ஈரம்.

பாம்பு கிடக்கிற இடத்தில் கூடைக்கு என்ன வேலை?

சாப்பிடும்போது காமுவைக் கேட்டேன். "அவுக சொல்லக் கூடாதுன்டாக," என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு கூடக் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

பட்டியலில் நாலாவது பெயர். எழுதக் கை வரவில்லை. வீ. மாப். என்று மட்டும்.

திரும்பும்போது சின்னமனூர் கடைத்தெருவில் பாசிமணி விற்கிற அம்மாவைப் பார்த்தேன். சட்டென்று ஒரு யோசனை. நீலப் பாசிமணி, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, அரைப்படி வாங்கினேன். "இம்புட்டு மணியா? எத்தனை பொம்பளப் பிள்ளைக அய்யாவுக்கு?" என்றாள்.

உரத்தில் இதைக் கலந்துவிட்டால் போதும். கண்ணாடி மணி கரையாது, மக்காது. எவன் நிலத்தில் நீலமணி கிடக்கிறதோ அவன் திருடன். இந்த மூளைக்கு இன்னொரு குடை கொடுக்கலாம்.

அக்டோபர் 20, செவ்வாய்

மத்தியானம் பிச்சைமுத்து சாப்பிடப் போன நேரம். ஸ்டோரில் நான் மட்டும். மூட்டைகளை அவிழ்த்து, மூட்டைக்கு ஒரு கைப்பிடி மணி, கிளறி, மறுபடி தைத்தேன். தும்மல் நிற்கவில்லை. தலையெல்லாம் எலும்புத்தூள். என்னை யாராவது பார்த்திருந்தால் என்னையே திருடன் என்றிருப்பார்கள்.

பார்த்திருக்க மாட்டார்கள்.

அக்டோபர் 22, வியாழன்

நாலாம் நம்பருக்கு உரம் வைத்தோம். செடியைச் சுற்றிக் கொத்தி, தூவி, மண்ணை இழுத்து மூடுவது. கொத்து இறங்கவில்லை. கிண் கிண் என்று சத்தம். காடு எரித்த வருஷம் இதே இடத்தில் கடப்பாரையை விட்டால் தானாக இறங்கும். கையை முழங்கை வரை மண்ணுக்குள் விடலாம். கறுகறுவென்று, அடுப்புக்கரித் துண்டுகளோடு, வாசமான மண். இப்போது செங்கல். பத்து வருஷமும் தேயிலை, தேயிலை, தேயிலை. வேறு ஒரு செடிக்கு இங்கே அனுமதி இல்லை. நிழலுக்கு நின்ற மரங்களையும் முந்தின துரை எடுத்துவிட்டார்.

ஒச்சம்மா பாசிமணியைப் பார்த்துவிட்டாள். "அய்யா, ஒரத்துக்குள்ள மணி கெடக்கு! எந்தப் புள்ள கழுத்துல அந்துச்சோ." ஆளாளுக்குப் பொறுக்க ஆரம்பித்தார்கள். அத்தனையையும் திரும்பப் போட வைத்தேன். "மருந்து மணி. தொட்டால் கை வெந்துவிடும்," என்று சொன்னேன். நம்பினார்களா, தெரியாது. ஒச்சம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேகலயே," என்றாள்.

அக்டோபர் 27, செவ்வாய்

மழை. மூன்று நாளாக விடாத மழை. கம்பளி காயவில்லை.

காலையில் குடையோடு நாலாம் நம்பர் போனேன். ஒரு புல் இல்லை. தேயிலை வரிசைகள் கயிறு பிடித்த மாதிரி மேலிருந்து கீழே நேராக ஓடுகின்றன, நான் நட்ட வரிசை. வரிசைக்கு நடுவே தண்ணீரும் நேராக ஓடுகிறது. ஓடை பால்விடாத காப்பி நிறம். பார்க்க அழகு.

பிச்சைமுத்து ஸ்டோர் வாசலில் குந்தியிருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். ஏன் எழுந்தான்?

அக்டோபர் 31, சனி

மழை. கால் விரலிடுக்கில் சேற்றுப்புண். அரைத்துப் பூச மருதாணி இல்லை. ஓடை சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. எழுத ஒன்றும் இல்லை. திருடனும் மழையில் வரமாட்டான்.

நவம்பர் 8, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வெயில் வந்தது. தீபாவளிச் சேலையைக் காமுவுக்குக் கொடுக்கிற சாக்கில் அனுமந்தன்பட்டி போனேன். தொழுவத்தில் கன்றுக்குட்டி. அதன் கழுத்தில் ஒரு நூல். நூலில் நீலப் பாசிமணி. எண்ணினேன், பதினேழு.

"இது ஏது காமு?"

"மண்ணுக்குள்ள கெடந்துச்சுண்ணே. மொளகாப் பாத்தியக் கொத்தும்போது ஒண்ணு ரெண்டா வந்துச்சு. கன்னுக்குட்டிக்குக் கண்ணு படாம இருக்கட்டும்னு கோத்துக் கட்டுனேன். நல்லா இருக்குல்ல?"

நல்லா இருக்கு என்றேன். மிளகாய்ப் பாத்தியில் குனிந்து பார்த்தேன். இன்னும் ஆறு மணி. ஆறையும் மடியில் முடிந்துகொண்டேன். மாப்பிள்ளை வாழைக்கு நடுவே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை. நான் என்ன பொறுக்குகிறேன் என்று திருட்டுப் பயம் இல்லாத ஆள் கேட்டிருப்பானா இல்லையா?

பாவி மனுஷன். உரம் கேட்டிருந்தால் ஒரு மூட்டை நானே எப்படியாவது அனுப்பியிருப்பேனே.

நவம்பர் 9, திங்கள்

துரைக்கு ரிப்போர்ட். மூன்று தடவை எழுதி மூன்று தடவை கிழித்தேன். முதலாவதில் மாப்பிள்ளை பெயர் இல்லை. இரண்டாவதில் 'அடிவாரத்து விவசாயி ஒருவர்'. மூன்றாவதில் காமு முகம் வந்து நின்றது, மையைக் கொட்டிவிட்டேன். நாலாவது: வீரணன், அனுமந்தன்பட்டி. உடந்தை, காவல்காரன் பிச்சைமுத்து. சாட்சி, நீலமணி ஆறு.

சொந்தக்காரன் என்று மறைத்தால் நாளைக்கு என் கழுத்துக்கு வரும். எழுதியது சரிதான். சரிதான்.

துரை என் முதுகில் தட்டினார். "குட் மேன்." நாய் கூட வந்து காலை நக்கியது.

மத்தியானமே பிச்சைமுத்துவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். "என்னய்யா செஞ்சேன்?" என்று ஒரு தடவை கேட்டான். முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

போலீசுக்குத் துரை கடிதம்.

நவம்பர் 11, புதன்

கழுதைக்காரன் சேதி கொண்டு வந்தான். "ஒங்க மாப்பிள்ளைய ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாக அய்யா. ஒங்க தங்கச்சி பின்னாடியே அழுதுக்கிட்டு ஓடுச்சு. எங்கண்ணனுக்குச் சொல்லி விடுங்க, அவுக வந்தா விட்டுருவாகன்னுச்சு."

என்னை நம்பி என்னையே கூப்பிடுகிறாள்.

நாளைக்கு நான் ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டுமாம். கையெழுத்துப் போட்டால் மாப்பிள்ளைக்கு ஜெயில்.

சாப்பிடவில்லை.

நவம்பர் 12, வியாழன்

விவரமாக எழுத வேண்டும். ஒன்றையும் விடாமல்.

மழையில் குறுக்குப்பாதை சரிந்து கிடக்கிறது. வேறு வழியில்லாமல் நாலாம் நம்பர் கீழ் மூலையிலிருந்து ஓடையைப் பிடித்தே இறங்கினேன். கொஞ்ச தூரத்தில் செருப்பு வார் அறுந்தது. குனிந்தேன். கல்லிடுக்கில் நீலமாக ஒன்று. மணி.

கூலிப்பெண் யாரோ எடுத்து வீசியிருப்பாள் என்று நினைத்தேன். இருபது அடி தள்ளி இன்னும் இரண்டு. ஓடை திரும்புகிற இடத்தில் மணல் திட்டு, அதில் ஐந்தாறு. அப்புறம் பத்து. எண்ணுவதை விட்டுவிட்டேன். மூட்டை தூக்கிய எந்தத் திருடனும் ஓடை நடுவே நடந்து, இத்தனை மணியைச் சிந்திக்கொண்டு, பாறை மேலிருந்து குதித்துப் போக மாட்டான். தண்ணீர்தான் அப்படிப் போகும்.

மலையடிக்கு வந்தேன். மாப்பிள்ளை வேலிக்குப் பின்னால், பாம்பு கிடக்கிறது என்று சொன்ன இடத்தில், ஓடைக்குக் குறுக்கே ஒரு கல்கட்டு. இடுப்பு உயரம், கல்லும் முள்ளும் வைத்து அடுக்கியது. தண்ணீர் கல்லிடுக்கில் வழிந்து போகிறது. மண் நின்றுவிடுகிறது. அதைத்தான் கூடையில் அள்ளி நிலத்தில் கொட்டியிருக்கிறார்.

கையை விட்டேன். முழங்கை வரை போயிற்று. வெளியே எடுத்தால் உள்ளங்கையில் கறுப்பு மண், நீலமணி ஒன்று, அடுப்புக்கரித் துண்டு இரண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் நான் நின்று எரித்த காட்டின் கரி. வாசம் கூட அதே வாசம்.

ஓடை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். புல் உரத்தைத் தின்றுவிடும் என்று சுரண்ட வைத்தவன் நான். தண்ணீர் நேராக ஓட மேலிருந்து கீழே கயிறு பிடித்தவன் நான். வேர் வெளியே தெரிகிறது என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னாள், அவள் பெயருக்குக் கீழே கோடு போட்டேன். உரம் மட்டுமா போயிற்று? உரத்தைப் பிடித்து வைக்கிற மண்ணே போய்விட்டது. பட்டியலில் இல்லாத ஒரே பெயர் என் பெயர். த்தூ.

ஸ்டேஷனில் சொன்னேன். ஏட்டு சிரித்தார். "திருடன் மழைங்கிறீகளா? மழைய எப்படிய்யா உள்ள தள்றது?" மண்ணையும் மணியையும் மேஜையில் கொட்டினேன். சாயங்காலத்துக்குள் நேரில் வந்து பார்த்தார். ஓடையில் அவரே பதினைந்து மணி பொறுக்கினார். மாப்பிள்ளையை விட்டுவிட்டார்கள்.

ஆனால் ஓடை சர்க்கார் ஓடை. அனுமதி இல்லாமல் குறுக்கே கட்டுவது குற்றம். அதனால்தான் மாப்பிள்ளை பாம்பு என்றார். அதனால்தான் காமு நாக்கைக் கடித்தாள். கல்கட்டைக் காட்டிக்கொடுத்தால்தான் அவரை வெளியே எடுக்க முடியும் என்று நான் காட்டிக்கொடுத்தேன். நாளைக்கே பிரித்துப் போட வேண்டும் என்று உத்தரவு.

மாப்பிள்ளை கன்னத்தில் விரல் தடம் இருந்தது.

நவம்பர் 13, வெள்ளி. தீபாவளி

ராத்திரி காமு வீட்டுத் திண்ணையிலேயே படுத்துவிட்டேன். காலையில் எண்ணெய் வைத்துவிடக் காமு வரவில்லை. தின்பண்டம் ஒரு தட்டில் வைத்து, தட்டைத் தரையில் தள்ளிவிட்டுப் போனாள். நான் கொடுத்த சேலை மடிப்புக் கலையாமல் பெட்டி மேல் இருக்கிறது.

கிராம அதிகாரி நின்று பார்க்க, மாப்பிள்ளையே கடப்பாரையால் கல்கட்டைப் பிரித்தார். நானும் கல் தூக்கினேன். கடைசி வரிசையை எடுத்ததும் கறுப்பு மண் அசைந்து கொடுத்து, அப்படியே சரிந்து, ஓடையோடு போயிற்று. வாழைக்கு அடுத்த வருஷம் மண் இல்லை. நாலாம் நம்பருக்கும் இல்லை. யாருக்கும் இல்லாமல் ஆற்றுக்குப் போகிறது.

மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார். "ஒங்க காட்டு மண்ணு வந்துச்சு மச்சான். நாந் தடுத்து வச்சேன். அம்புட்டுத்தேன். வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கூடையில கட்டி மேல அனுப்பிருப்பேன்."

கேட்டிருந்தால் ஒரு மூட்டை உரம் அனுப்பியிருப்பேனே என்று அன்றைக்கு நான் எழுதியது ஞாபகம் வந்தது.

புறப்படும்போது காமு வந்தாள். கன்றுக்குட்டி கழுத்து நூலை என் கையில் வைத்தாள். "எண்ணிப் பாத்துக்கங்கண்ணே. பதினேழும் இருக்கு."

நவம்பர் 15, ஞாயிறு

காலையில் துரை பங்களா. ஒரு சட்டியில் நாலாம் நம்பர் மண், ஒரு சட்டியில் ஓடை மண். எல்லாம் சொன்னேன். புல்லை விட வேண்டும், தண்ணீருக்குக் குறுக்கே கல் வைக்க வேண்டும், தேயிலைக்கு நடுவே வேறு ஏதாவது மரமும் செடியும் வேண்டும்.

இரண்டு சட்டியையும் நிறைய நேரம் பார்த்தார். புரிந்தது அவருக்கு, முகத்தில் தெரிந்தது. பிறகு, "பெரிய துரை புதன்கிழமை வர்றார். நாலாம் நம்பர் சுத்தமா இருக்கணும். புல் கூடாது," என்றார். சட்டிகளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

பிச்சைமுத்துவைத் திரும்பக் கூப்பிடலாமா என்றேன். எங்கே இருக்கிறான் என்று கேட்டார். மயிலாடும்பாறைப் பக்கம் போனதாகக் கழுதைக்காரன் சொல்கிறான். சரியான ஊர் யாருக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் ஊர் எது என்று நான் கேட்டதே இல்லை.

நவம்பர் 16, திங்கள்

காலையிலேயே மப்பு. மேற்கே மழை கட்டுகிறது.

ஏழு மணிக்கு முப்பது பெண்களும் சுரண்டியோடு நாலாம் நம்பரில் நின்றார்கள். சுரண்டியைக் கீழே வைக்கச் சொன்னேன்.

"அப்ப களை?" என்றாள் ஒச்சம்மா.

"களை இருக்கட்டும். கல் பொறுக்குங்கள். வரிசைக்குக் குறுக்கே அடுக்க வேண்டும், இடுப்பு உயரத்துக்கு."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒடம்பு சொகமில்லையாய்யா?"

"நீ சொன்னபோது கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்."

முதல் கல்லை அவளேதான் தூக்கி வந்து வைத்தாள். எங்கே வைத்தால் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குடையை மூடிப் பாறையில் சாத்திவிட்டு நானும் தூக்கினேன். பத்து மணிக்குள் கீழ் மூலையில் இருபது அடி நீளம் ஆகிவிட்டது. தூறல் விழுகிறது. முதல் தண்ணீர் கல்லில் முட்டி நிற்கிறது, பெண்கள் சத்தம் போடுகிறார்கள்.

கையோடு கொண்டு வந்த நோட்டில், குடைக்கடியில் பாறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேல் பாதையில் துரை இறங்கி வருகிறார். நாய் இல்லை.